ஜனவரி வரட்டும்

செத்துப்போன மனுஷன் திரும்பி வந்தால் என்ன செய்வான்? அழுவான், முனகுவான், கதவைத் தட்டுவான் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். என் எமில் வந்து ஹீட்டரைக் குறைத்தான்.

கூடத்துச் சுவரில், அவனுடைய சாய்வு நாற்காலிக்கு மேலே, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் குமிழ் இருக்கிறது. பாரன்ஹீட் கணக்கில் அறுபத்தெட்டில் வைத்தால்தான் எனக்கு விரல் மடங்கும். அவனுக்கு அறுபத்திரண்டு போதும், குளிர்ந்தால் இன்னொரு சட்டை போடு என்பான். கல்யாணமான வருஷத்திலிருந்து இந்தச் சண்டைதான். அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று, இனி யார் கேட்பது என்ற ஆத்திரத்தில் எழுபதுக்குத் திருகினேன். மறுநாள் காலை எழுந்தால் பல் கிட்டுகிறது. போய்ப் பார்த்தால் அறுபத்திரண்டு. கூடம் முழுக்கப் புதினா மிட்டாய் வாசனை. எப்போதும் கன்னத்தில் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பானே, அந்த இளஞ்சிவப்பு மிட்டாய்.

பயந்தேனா என்றால் இல்லை. "கஞ்சப் பயலே" என்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

எமில் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தான். அங்கே ஒரு வருஷம் பழைய காப்பீட்டைப் பிடுங்கிவிட்டு மலிவான ஒன்றைக் கொடுத்தார்கள். மலிவு என்றால், வருஷத்தில் முதல் ஏழாயிரம் டாலர் வைத்தியச் செலவு நம் தலையில். அதைத் தாண்டினால்தான் காப்பீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான். அதற்கு ஒத்தாசையாக மருத்துவச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று. மற்றவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். இவன் மட்டும் புதையல் எடுத்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தான்.

"ஆர்லிஸ், இதக் கேளு. போடறப்ப வரி இல்ல. உள்ள கெடந்து வளர்றப்ப வரி இல்ல. வைத்தியத்துக்குன்னு எடுக்கறப்பவும் வரி இல்ல. மூணு வாசலும் தொறந்து கெடக்கு, வரிக்காரன் தூங்கறான்!"

"நல்லதாப் போச்சு. என் கடவாய்ப் பல்லுக்கு எடு."

"அதான் கூடாதுங்கறேன்! தொட்டா எப்படி வளரும்? பல்லுக்குக் கைக்காசு குடுப்போம். ரசீத மட்டும் பத்திரமா வெச்சுக்குவோம். ரசீது இருந்தா போதும், இருவது வருஷம் கழிச்சுக்கூட அந்தப் பணத்த வரியில்லாம எடுத்துக்கலாம். அறுபத்தஞ்சு வயசாகட்டும், மொத்தமா எடுப்போம்."

"எடுத்து?"

"கடலுக்குப் போவோம்."

கடலே இல்லாத நெப்ராஸ்காவில் பிறந்து, மக்காச்சோளத்தைத் தவிர எதையும் பார்க்காத இரண்டு பேர். ஒரு பழைய வண்டிவீடு வாங்கி மேற்கே ஓட்டிக்கொண்டே போய், தண்ணீர் வந்ததும் நிறுத்துவதாகத் திட்டம். நானும் மயங்கித்தான் போனேன். என் பல், அவன் குடலிறக்கம், என் கைமுறிவு எல்லாம் கைக்காசில் போயின. ரசீதுகள் ஒரு கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தன. நிலவறையில் ஈரம் என்று, டப்பாவை ஹீட்டர் பெட்டியின் தலைமேலேயே வைத்தான். சனிக்கிழமைதோறும் கணக்கைத் திறந்து, வளர்ந்த பணத்தைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பான்.

அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு டிசம்பரில், நெஞ்சை இறுக்குகிறது என்றான். இடது கை மரத்துப்போகிறது என்றான். நான் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன்.

"உக்காரு ஆர்லிஸ். இப்பப் போனா இந்த வருஷத்து ஏழாயிரம் காலி. எப்படியும் வைத்தியம் ஜனவரிக்கு இழுக்கும், அப்ப அடுத்த வருஷத்து ஏழாயிரமும் காலி. ஒரே வலிக்கு ரெண்டு தண்டமா? ஜனவரி வரட்டும்."

"ஜனவரி வந்துரும். நீ இருப்பியா?"

"பத்து நாள்ல செத்துட மாட்டேன், போ."

எங்கள் ஊரில் இது பைத்தியக்காரத்தனமே இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் முழங்காலையும் பித்தப்பையையும் நாட்காட்டி பார்த்து வலிக்க விடுவார்கள். நான் விடவில்லை. வண்டியில் போய் உட்கார்ந்து, தெருவே எட்டிப்பார்க்கிற வரை ஹாரன் அடித்தேன். அவன் ஜன்னல் வழியே கையாட்டினான், வரவில்லை. வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வாசல் பனியை வாரப் போனவன் மண்வெட்டியின் மேலேயே சாய்ந்து கிடந்தான். கன்னத்தில் மிட்டாய் கரையாமல் இருந்தது.

அதனால் எனக்கு என்மேல் கோபம் இல்லை. அவன்மேல்தான். இன்னும் ஆறவில்லை.

கணக்கு வரியில்லாமல் என் பெயருக்கு மாறியது. மனைவி என்றால் அப்படித்தானாம். எழுபத்தோராயிரம் டாலரும், அதற்கு ஒரு நீல அட்டையும். அட்டையைச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

ஹீட்டர் விஷயத்தை நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். லிபி, எமிலின் தங்கை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நாத்தனார் ஆனது அப்புறம்தான். அவள் சிரித்தே செத்திருப்பாள்.

"அடியே, எங்கண்ணன் சொர்க்கத்துக்குப் போயும் கரண்டு பில்ல யோசிக்கிறானா? அது பழைய பொட்டிடி, குமிழு தானா நழுவுது. இருவது டாலர் குடுத்தா புதுசு மாட்டிரலாம்."

"மாட்ட வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடேன்டி."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு காரியம் செய்தேன். மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டியிருந்தது. கடையில் நின்றபோது ஒரு வீம்பு வந்தது. பணம் என்னுடையது, கண் என்னுடையது, யாருக்குப் பயம்? நீல அட்டையை நீட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஹீட்டரை எழுபதில் வைத்தேன். காலையில் எழுபது. அதற்கு மறுநாளும் எழுபது. புதினா வாசனை இல்லை. நான் எரிய விட்டுப்போன விளக்கை அணைக்க ஆளில்லை. வாரம் முழுக்க வீடு வெதுவெதுப்பாக, சுத்தமாக, காலியாக இருந்தது. அவன் செத்த அன்றுகூட அப்படிக் காலியாக இருந்ததில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போன் போட்டு, வேறு அட்டை என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன், தவறுதலாக எடுத்த பணத்தைத் திருப்பிப் போடவேண்டும் என்று புளுகினேன். அப்படிப் போட வழி இருக்கிறது. எமில்தான் எப்போதோ சொல்லியிருந்தான். பணம் திரும்பிப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் 'டக்' என்று கேட்டது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். அறுபத்திரண்டு.

அன்றைக்குப் புரிந்துகொண்டேன். பணத்தைத் தொடாதவரை அவன் இருப்பான். தொட்டால் போய்விடுவான். சரி, அதற்கென்ன, தொடாமல் இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடச் சமையலறையில் என் வேலையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலமானால் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன். வெளியே இருந்து பார்த்தால் பரிதாபம்தான். எனக்கு அது குடித்தனம்.

போன கிறிஸ்துமஸ் வரை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கசகசா வைத்துக் கொலாச்சே என்கிற இனிப்பு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் பளிச் பளிச்சென்று மின்னியது. பிறகு கரும்பொடி தூவினாற்போலப் புள்ளிகள். மத்தியானம் பார்த்தால், இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு நிழல். திரும்பினால் அதுவும் நகர்ந்தது. நான் நின்றால் நின்றது. ஒரு ஆள் பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல் நிற்கிற மாதிரியே இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் வாசனை, சத்தம், குமிழ். இப்போது ஆளே வந்துவிட்டான்!

"வந்துட்டியா?" என்று கேட்டேன். தட்டில் இரண்டு கொலாச்சே கூடுதலாக எடுத்து வைத்தேன். அன்றும் மறுநாளும் அவனோடே இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புதுப்பெண் மாதிரி தலைவாரிக்கொண்டேன். நிழல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி மூக்குப்பக்கம் நெருங்கியது. நெருங்கி வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை லிபி வந்தாள். காப்பி ஊற்றப் போய்க் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"உங்கண்ணன் வந்திருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. "எங்க?"

"இந்தா, இடப்பக்கம். இப்பவும் நிக்கிறான்."

"சரி. உன் இடது கண்ண மூடு. நிக்கிறானா?"

மூடினேன். மேஜை இருந்தது, ஜன்னல் இருந்தது, வெளியே பனி இருந்தது. அவன் இல்லை.

"வலது கண்ண மூடு."

நின்றான். பாதி உலகத்தை மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஒத்தக் கண்ணுக்கு மட்டும் தெரியற பேய நான் கேள்விப்பட்டதில்லடி" என்றாள் லிபி. என் கோட்டை எடுத்து நீட்டினாள். "கோட்டப் போடு, கெளம்பு."

எங்கள் ஊர்க் கண் டாக்டர் சின்னப் பையன். விளக்கைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தவன் நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"கண்ணுக்குப் பின்னால ஒரு திரை இருக்கும்மா. விழித்திரை. அது கிழிஞ்சு உரிய ஆரம்பிச்சிருக்கு. நீங்க பாக்கறது அந்த நெழலத்தான். நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அதுவும் உரிஞ்சிட்டா அப்புறம் என்ன செஞ்சாலும் பழைய பார்வை வராது. இன்னைக்கே ஓமாஹாவுல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் போன் போட்டுச் சொல்றேன்."

"ஜனவரி ஒண்ணு வரைக்கும் தாங்குமா?"

அவன் பெருமூச்சு விட்டான். "டிசம்பர்ல வர்றவங்க எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க."

எனக்கு ஜனவரியில் அறுபத்தைந்து. அறுபத்தைந்து ஆனால் அரசாங்க மெடிக்கேர் காப்பீடு. பிறந்த மாசத்தின் முதல் தேதியிலேயே அது தொடங்கிவிடும், பெரும்பகுதிச் செலவு அதில் போய்விடும். இன்றைக்கே என்றால் கிடங்கில் கொடுத்தது மாதிரியே இருக்கும் என் பள்ளிக்கூடத்துக் காப்பீடுதான், முதல் ஏழாயிரம் என் தலையில். அறுவைக்கு முன்னாலேயே ஒரு பங்கை வைக்கச் சொல்வார்கள். என் கைக்காசு கோடையில் ஆலங்கட்டி மழை பிய்த்த கூரைக்குப் போயிருந்தது. லிபியிடம் இருந்தால் கொடுத்துவிடுவாள். அவளுக்கு மாசக் கடைசியில் பாலுக்கே இழுபறி. இருந்தது ஒன்றுதான், இழுப்பறையில் கிடந்த நீல அட்டை.

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தோம். உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. காலையில் நான் வைத்துவிட்டுப்போன அறுபத்தெட்டு அறுபத்திரண்டாகியிருந்தது. புதினா வாசனை மூச்சுமுட்டியது. லிபிகூட மூக்கைச் சுருக்கினாள்.

நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வரல லிபி. ஜனவரி வரட்டும்."

"என்ன சொன்ன?"

"மூணு நாள்தானே. அசையாம படுத்திருக்கேன். தாங்கிட்டா தாங்கட்டும், இல்லன்னா இன்னொரு கண்ணு இருக்கு. அந்தப் பணத்தத் தொட்டா அவன் போயிருவான். உனக்குத் தெரியாது. ஒருதடவ போய்ட்டான். என்னால அந்த வீட்டுல இருக்க முடியலடி."

லிபி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நிலவறைக்கு இறங்கினாள். பிஸ்கட் டப்பாவோடு ஏறி வந்து, அதை என் மடியில் வைத்தாள்.

"உனக்கு ரொம்ப ஒசத்தியான பொருளாச்சே. தொறந்து பாத்துக்கோ. அப்புறம் கண்ணு இருக்குமோ இருக்காதோ."

திறந்தேன். முதல் ரசீதை எடுத்தேன். வெள்ளையாக இருந்தது. அடுத்ததும் வெள்ளை. கண் முழுக்கப் போய்விட்டது என்று அலறிவிட்டேன்.

"லிபி! வலது கண்ணும் போச்சுடி! ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு!"

"உன் கண்ணுல ஒண்ணுமில்ல." அவள் ஒரு கை நிறைய அள்ளி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "காயிதமே வெள்ளைதான். இந்தக் கடைக் காயிதம் வருஷக்கணக்கா சூட்டுல கெடந்தா எழுத்து வெளிறிப் போயிரும். ஹீட்டர் தலைமேல வெச்சா என்ன ஆகும்? என் அண்ணன் எவ்ளோ பெரிய புத்திசாலி பாரு! இதுக்குத்தானே அவன் நெஞ்சுவலிய அடக்குனான்? இப்ப நீ இதுக்கு ஒரு கண்ண வெக்கப்போறியா?"

நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். என் பல், அவன் குடல், என் கை. ஒரு எழுத்து இல்லை. எங்கோ ஒரு மூலையில் அவன் பேனாவால் எழுதிய ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது. 'கடல்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! எழுந்து நின்று, கூடத்தின் நடுவில், இடது பக்கத்து நிழலைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ சொன்ன ஜனவரிக்கு நீ வரல எமில்! நான் ஹாரன் அடிச்சேன், நீ கைய ஆட்டுன! இப்ப என்னையும் உக்கார வெச்சுப் பாக்கறியா? நான் போறேன். வரணும்னா நீ வண்டியில ஏறு."

இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டேன்.

ஓமாஹா வரைக்கும் லிபி வண்டி ஓட்டினாள். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. வழியெல்லாம் புதினா வாசனை என் இடது தோளோடு ஒட்டிக்கொண்டே வந்தது. வந்துவிட்டான், வண்டியில் ஏறிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் இருக்கையின் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

மருத்துவமனை மேஜையில் இருந்த பெண், "கார்டாம்மா?" என்று கேட்டாள். நீட்டினேன். வாங்கி, கருவியில் சொருகி, ஒரு சின்னச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். மருந்து வாசனை. தரை துடைத்த வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"ரசீத பத்திரமா வெச்சுக்கங்க" என்றாள் அந்தப் பெண்.

அறுவை முடிந்து, திரை ஒட்டிக்கொள்ளக் கண்ணுக்குள் வாயுவை அடைத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்கவேண்டும். சாப்பிட்டாலும் தூங்கினாலும் தரையைத்தான் பார்க்கவேண்டும். லிபி என் வீட்டிலேயே தங்கினாள். வந்ததும் நான் அவளிடம் கேட்ட முதல் காரியம், ஹீட்டரை எண்பதில் வை என்பதுதான்.

"எண்பதா? ரொட்டியாடி சுடப்போற?"

"வை."

எண்பது என்றால் எமில் குழியிலிருந்து எழுந்தே வந்துவிடுவான். எனக்குத் தெரியும். அவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

தினமும் காலையில், முகத்தைக் கவிழ்த்தபடியே கேட்பேன்.

"எவ்ளோ இருக்கு?"

"எண்பது."

"சரி."

புத்தாண்டு அன்று பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடித்தது. ஜனவரி வந்துவிட்டது. எனக்கு மெடிக்கேர் அட்டை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கும் கேட்டேன். எண்பது என்றாள். லிபி அரைக்கைச் சட்டையில் திரிந்தாள், ஜன்னலைத் திறந்து வைத்தாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்காக ஒருநாள் பொய் சொல்வாளோ என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

தலையை நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, மெதுவாக நிமிர்ந்தேன். இடது பக்கம் நிழல் இல்லை. கண்ணுக்குள்ளே வாயுவும் நீருமாக ஒரு கோடு படுக்கையாக ஆடியது. அதற்கு மேலே வெளிச்சம், கீழே கலங்கல். தலையை அசைத்தால் கோடு அலையடித்து, பிறகு நேராகும். கடல் இப்படித்தான் இருக்கும்போல. அவனிடம் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அந்தக் கோட்டுக்கு மேலே, அவன் நாற்காலி தெரிந்தது. நாற்காலிக்கு மேலே குமிழ். எண்பது.

லிபி கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "போதும்டி. நான் கொறச்சிரட்டுமா?"

"நீ தொடாத. அவன் கொறைப்பான்" என்றேன்.

ஜனவரி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.